சாயம் போடாத ஸ்லைடு

அத்தியாயம் 14

போன வாரம் புவாசி சந்தையில் கோழிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பேரம் படிந்து, கோழி வீடு வந்து சேர்ந்து, இப்போது கூடைக்கு அடியில் கொக்கரித்துக்கொண்டிருக்கிறது.

இன்றைக்கு வியாழக்கிழமை. நாளைக் காலை ஏழு மணிக்கு மாவட்ட ஆஸ்பத்திரி வேன், புவாசியின் மாப்பிள்ளை வோங்சாயைத் தலைநகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போகப்போகிறது. பதினெட்டு மாதச் சிகிச்சை. அதில் முதல் ஆறு மாதம் தினமும் ஊசி. அந்த ஊசி சில பேருக்குக் காதைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் பன்யா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

வோங்சாய் உழவு எஞ்சின் மெக்கானிக். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடி, காதைக் கொடுத்து, கோளாறு எந்த இடத்தில் என்று சொல்கிற ஆள். காது போனால் தொழிலும் போச்சு.

இரண்டு வருஷமாக அவனுக்கு இருமினால் ரத்தம். காசநோய் என்று இரண்டு சுற்று மருந்து கொடுத்தாகிவிட்டது. இருமல் நிற்கவில்லை. மருந்துக்கு மசியாத காசநோய் என்று இப்போது முடிவு கட்டியிருக்கிறார்கள். கொல்லையில் அவனுக்குத் தனிக் குடிசை, தனித் தட்டு, தனி டம்ளர். எல்லாம் மாமியாரின் ஏற்பாடு. அவன் மகள் தாவுக்கு ஆறு வயது. அப்பாவிடம் பத்தடி தள்ளி நின்று பேசப் பழகிவிட்டாள்.

ஏற்பாடு செய்த புவாசியும் அதோடு வீட்டில் படுப்பதை விட்டுவிட்டாள். பப்பாளிக்காய் இடித்து விற்கிற தன் கடையிலேயே படுக்கை. கேட்டால் திருட்டு பயம் என்றாள். உரலையும் உலக்கையையும் எவன் தூக்கிக்கொண்டு போவான் என்று ஊர் சிரித்தது. புவாசி வெற்றிலையை மென்று, சிவப்பாக ஒரு துப்பு துப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இதெல்லாம் தெரிந்த கதை. இன்றைக்கு நடந்ததுதான் யாருக்கும் தெரியாதது.

புவாசியின் மூத்த மகள் லத்தனா மாவட்ட ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பார்க்கிறவள். நாற்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மைக்ராஸ்கோப்பையே கட்டிக்கொண்டவள் என்று அம்மா அவ்வப்போது குத்திக்காட்டுவாள்.

அவளுடைய அறையில் இரண்டு மேசை உண்டு. இடது மேசை மலத்துக்கு. பச்சை மீன் தின்கிற மாவட்டம் என்பதால் ஈரல் புழுவின் முட்டை இருக்கிறதா என்று அங்கே தேடுவாள். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், தீக்குச்சி முனையில் கொஞ்சம் மலம், மேலே மெல்லிய கண்ணாடி, அவ்வளவுதான். சாயம் கிடையாது. வலது மேசை சளிக்கு. அங்கே ஸ்லைடைச் சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, அமிலத்தில் கழுவி, நீலம் போட்டு, எண்ணெய்ச் சொட்டு வைத்துக் காசநோய்க் கிருமியைத் தேட வேண்டும். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட இந்த மேசைச் சாமானை அந்த மேசைக்கு அவள் கொண்டுபோனதில்லை.

காலை ஒன்பது மணிக்கு வார்டில் ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பியவள், வாசலில் தங்கை மணிவோனைப் பார்த்தாள். வோங்சாயின் மனைவி. கண் வீங்கியிருந்தது.

"அவரோட கடைசிச் சளிக் கப்பைக் கொண்டு வந்து மேசைல வச்சுட்டேன்க்கா. வேனோட அனுப்பணுமாமே."

"சரி. அழுதியா?"

"நான் ஏன் அழறேன்? வெங்காயம் உரிச்சேன்."

"விடியக்காலைல வெங்காயமா?"

"விடேன்க்கா." மணிவோன் மூக்கை உறிஞ்சினாள். "அவரைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு? நேத்து மில்லுல ரெண்டு மூட்டை அரிசியை ஒரே மூச்சுல வண்டில ஏத்தறாரு. காச்சல் கிடையாது. எடை கூடியிருக்கு. சட்டை பொத்தான் போட முடியல. காசநோய்க்காரன் எவனாவது குண்டாவானா? நீதானே படிச்சவ, சொல்லு."

லத்தனா தங்கையின் தோளைத் தட்டினாள். "சாயங்காலம் வர்றேன். நூல் கட்டணும்ல" என்று மட்டும் சொன்னாள்.

பயணம் போகிறவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டாமல் அந்த வீட்டில் யாரையும் அனுப்பியது கிடையாது. கோழி அதற்குத்தான். ஆனால் நூல் கட்ட வேண்டுமென்றால் கையைத் தொட வேண்டும். இரண்டு வருஷமாகத் தொடாத கையை யார் முதலில் தொடுவது என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத பேச்சாக இருந்தது.

லத்தனா இடது மேசையில் உட்கார்ந்தாள். மஞ்சள் மூடி போட்ட மலக் கப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, தீக்குச்சியால் தொட்டு, மூக்கைத் திருப்பிக்கொண்டு ஸ்லைடில் தடவினாள். பதினாறு வருஷத்துப் பழக்கம், கை தானாக ஓடும். மனசு என்னவோ தங்கையின் பொத்தானிலேயே நின்றது.

ஐந்தாவது ஸ்லைடில் கை நின்றது.

ஈரல் புழுவின் முட்டை பொடிசாக இருக்கும். இது அதைப்போல மூன்று பங்கு. தங்கப் பழுப்பு நிறம். ஒரு முனையில் ஜாடிக்கு வைத்தாற்போல ஒரு சின்ன மூடி. பக்கத்திலேயே இன்னொன்று. அதற்கும் மூடி.

"இது யாரோட வயிறுப்பா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கப்பைத் திருப்பினாள். தங்கையின் கோணல் எழுத்தில் வோங்சாய் என்று எழுதியிருந்தது.

உள்ளே இருந்தது மலம் இல்லை. சளி. வேனோடு அனுப்பச் சளிக் கப்புகளையெல்லாம் கட்டிவைத்ததில் அவை தீர்ந்துபோய், கவுன்ட்டரில் மலக் கப்பைக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் மூடியைப் பார்த்த மணிவோன் மற்ற மஞ்சள் மூடிகளோடு கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டாள்.

லத்தனா கப்பை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு வருஷத்தில் அந்தச் சளியை அவள் முகம் கொடுத்துப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் சாயம் போட்ட ஸ்லைடைத்தான். ரத்தம் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும். இது பழைய ஆணியின் துரு நிறத்தில் இருந்தது.

இன்னொரு ஸ்லைடு போட்டாள். முட்டை. மூன்றாவது போட்டாள். முட்டை. அதே சளியை வலது மேசைக்குக் கொண்டுபோய், சூடு காட்டி, சாயம் ஊற்றி, அமிலத்தில் கழுவிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. சூட்டிலும் அமிலத்திலும் முட்டைகள் உருத்தெரியாமல் போயிருந்தன. மிஞ்சியிருந்தாலும், கிருமியைத் தேடுகிற அந்தப் பெரிய லென்ஸின் துளியூண்டு வட்டத்துக்குள் வந்து மாட்டியிருக்காது.

இந்த மாப்பிள்ளைக்கு நான்கு முறை இவளே பார்த்து, நான்கு முறையும் "கிருமி இல்லை" என்று எழுதியிருக்கிறாள். எழுதியதில் பொய் இல்லை. கிருமி இல்லைதான். எக்ஸ்ரேயில் நுரையீரலில் புள்ளி இருக்கிறது, கிருமி கண்ணில் படவில்லை, ஆகவே கண்ணில் படாத காசநோய் என்று டாக்டர் முடிவு செய்தார். லத்தனாவுக்கு அவமானமாக இருந்தது. சளிப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, ஸ்லைடு மாட்டிய மைக்ராஸ்கோப்பையே தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

டாக்டர் பன்யா நல்லவர். சிடுமூஞ்சி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"மலத்தை எதுக்கு எனக்குக் காட்டறீங்க?"

"மலம் இல்லை டாக்டர். வோங்சாயோட சளி."

அவர் மறுபடி குனிந்தார். ஸ்லைடை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"நுரையீரல் புழு" என்றார் கடைசியில். "மலை ஓடை நண்டுல இருக்கும். பச்சையா தின்னா உள்ள போய், நுரையீரல்ல பொந்து பண்ணிக் குடித்தனம் நடத்தும். எக்ஸ்ரேல அச்சு அசல் காசநோய் மாதிரியே தெரியும். புத்தகத்துல படிச்சதோட சரி. ஆனா நான் கேட்டேனே அந்த ஆளை! முதல் நாளே கேட்டேன். பச்சை நண்டு சாப்பிடுவீங்களான்னு. சீச்சீ, தொடவே மாட்டேன்னார்."

"எங்க வீட்ல நண்டை மிளகாயோட இடிச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு துவையல் பண்ணுவாங்க டாக்டர்."

"வேக வைக்காம?"

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சாச்சே. எங்களுக்கு அது பச்சை இல்லை."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நீங்களும் அதைத்தான் சாப்பிடறீங்களா?"

"எனக்கு நண்டுன்னா சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. தங்கச்சிக்கும் அப்படித்தான். அம்மாவும் மாப்பிள்ளையும்தான்..."

"சரி, சரி. காசநோயும் சேர்ந்து இருந்தா?"

"இருக்கலாம். நாலு தடவை தேடினேன், இல்லை. மருந்து ரெண்டு சுற்று கொடுத்தோம், கேக்கலை. ஆள் குண்டாகிட்டு வர்றார்."

டாக்டர் யோசித்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். ஈரல் புழுவுக்கு வருஷம் முழுக்க அள்ளிக் கொடுக்கிற அதே மாத்திரைதான் இதற்கும். இரண்டு வருஷமாக அது இருபதடி தூரத்தில் இருந்திருக்கிறது.

"மூணு நாள் மாத்திரை. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். நாளைக்கு அவர் வேன்ல ஏற வேண்டாம்."

லத்தனா மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "டாக்டர், இன்னொண்ணு. சளிப் பதிவேட்டைப் பார்த்தேன். கிருமி இல்லைன்னு நான் எழுதி, மருந்து கொடுத்தும் தேறாதவங்க பதினொரு பேர். எல்லாருமே ஓடைக்கு மேல இருக்கிற ஊர்க்காரங்க."

"எல்லாருமா?"

"ஒருத்தர் போன மழைக்காலத்துல செத்துப்போயிட்டார்."

டாக்டர் வேன் பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

"நாளை வேன்ல ரெண்டாவது சீட்டு யாருக்கு?" என்று டாக்டர் கேட்டார். தெரிந்தே கேட்டார்.

"சோம்பெங். இருபத்திரண்டு வயசு. மேல் ஊர். கூட்டு ரோட்டுல வந்து நிப்பா, ஏழரைக்கு வேன் ஏத்திக்கும். அங்க ஃபோன் எடுக்காது."

"அவளோட சளி இங்க இருக்கா?"

"போன வாரமே தலைநகரத்துக்கு அனுப்பிட்டோம்."

"கண்ணால பார்க்காம பட்டியல்ல ஒரு பேரை நான் அடிக்க முடியாது லத்தனா. நிஜமாவே அவளுக்குக் காசநோயா இருந்தா, நிறுத்தி வச்சது என் பாவம் ஆயிடும். முட்டையைக் காட்டுங்க, அடுத்த நிமிஷம் கையெழுத்துப் போடறேன்."

வெயில் தாழ்ந்தபோது லத்தனா மாத்திரைப் பொட்டலத்தோடு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். கோழி வெந்துகொண்டிருந்தது. புவாசி அடுப்படியில் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வோங்சாய் கொல்லைக் குடிசை வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளித் தாவ் உட்கார்ந்து, அப்பா எந்தச் சட்டையை மறந்துவிட்டார் என்று பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

லத்தனா எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். இரண்டு மேசைக் கதையையும் சொன்னாள். தன் தப்பையும், நாளை அதே வேனில் ஏறப்போகிற மேல் ஊர்ப் பெண்ணையும் சேர்த்தே சொன்னாள்.

மணிவோன் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இந்த முறை வெங்காயத்தின் மேல் பழி போடாமல் அழுதாள்.

வோங்சாய் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். "ரெண்டு வருஷமா பிளக்கை மாத்தி மாத்திப் போட்டிருக்கோம், அடைப்பு வேற இடத்துலயா? ஏன்க்கா, என் வண்டியை நான் இப்படிப் பார்த்தா கஸ்டமர் செருப்பாலயே அடிப்பான்."

"அடிங்க."

"உங்களை அடிக்க முடியுமா? உங்கம்மா எனக்குச் சோறு போட மாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். "அப்ப ஊசி?"

"கிடையாது."

"காது?"

"உங்க காது உங்களுக்கே."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"ஒட்டாதா பெரியம்மா?" என்று தாவ் கேட்டாள்.

"ஒட்டாது. நண்டுலேர்ந்துதான் வரும். ஒரு மனுஷங்கிட்டேர்ந்து இன்னொரு மனுஷனுக்கு வராது."

தாவ் மூன்று அடி முன்னால் வந்தாள். பழக்கம் விடவில்லை, நின்றுவிட்டாள். வோங்சாயும் கையை நீட்டவில்லை. "மாத்திரை முடியட்டும் தங்கம்" என்றான்.

அடுப்படியிலிருந்து புவாசியின் குரல் கேட்டது. "எந்த நண்டு?"

"நீ மேல் ஊர்ல மாமா வீட்லேர்ந்து கொண்டு வர்ற ஓடை நண்டும்மா. துவையல் இடிப்பியே."

புவாசி கையிலிருந்த சோற்றுக் கூடையைக் கீழே வைத்தாள். பின்கதவு வழியாக இறங்கிப் போனாள்.

"என்னக்கா நீ, பட்டுனு போட்டு உடைச்சிட்டே" என்றாள் மணிவோன். "அவரு உடம்பு தேறணும்னு இந்த ரெண்டு வருஷமா வாரா வாரம் நண்டு இடிச்சுக் கொடுத்தது அம்மாதானே."

லத்தனாவுக்கும் சுருக்கென்றது. ஆனால் என்ன செய்வது? சொல்லாமல் இருக்க முடியாது.

பயணம் இல்லாவிட்டாலும் வெந்த கோழியை வீணாக்க முடியாதே. பாயை விரித்தார்கள். தட்டில் கோழியும் பூவும் வெள்ளை நூலும் வைத்தார்கள். வோங்சாய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவோரமாக உட்கார்ந்தவனை மணிவோன் நடுவுக்கு இழுத்தாள். முதல் நூலை அவள் கட்டினாள். கட்டி முடித்த பிறகும் கையை விடவில்லை. அடுத்தது லத்தனா. மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தாள். "நூலைக் கட்டுங்கக்கா, கை வலிக்குது" என்று அவன் முந்திக்கொண்டான்.

புவாசி அப்போதுதான் திரும்பி வந்தாள்.

"பாட்டி, வெத்தலை எங்கே?" என்றாள் தாவ். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து பாட்டியின் வாயை வெறுமனே பார்த்ததில்லை. புவாசி வாயை நன்றாகக் கொப்பளித்திருந்தாள். முகவாயில் தண்ணீர் சொட்டியது.

வோங்சாய் அவள் பக்கம் கையை நீட்டினான். அவள் நூலைத் தொடவில்லை. மடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரை எடுத்துப் பாயில் வைத்தாள். அடியில் கொஞ்சம் சளி. துரு நிறம்.

"எத்தனை நாளாம்மா?" என்றாள் லத்தனா.

"நாளா? ஆறு வருஷம். வெத்தலை போட்டா யாருக்குத் தெரியும்? சிவப்போட சிவப்பாப் போயிடும். தெரிஞ்சா கடைல எவ வந்து வாங்குவா?" புவாசி மாப்பிள்ளையைப் பார்க்காமல் பாயைப் பார்த்துப் பேசினாள். "அப்புறம் இவருக்கும் வந்துச்சு. காசநோய்ன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கொடுத்தேன்னு எனக்குத் தெரியும். குழந்தை இருக்கிற வீடு. அதான் இவரைக் கொல்லைல வச்சேன், நான் கடைல படுத்தேன். பழி பாவம் எதுக்கு, நம்மளால சீக்காளி ஆனவருக்குத் தெம்பா எதாவது கொடுப்போம்னு நண்டை இடிச்சேன்..."

இத்தனை நாள் இவளைக் கல்நெஞ்சுக்காரி என்று எண்ணிய லத்தனா அம்மாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வோங்சாய் எழுந்து வந்தான். தட்டிலிருந்து ஒரு நூலை எடுத்தான். மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தான். "காட்டுங்கத்தே." அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் விடவில்லை. எஞ்சின் பிரிக்கிற கையல்லவா, இறுக்கிப் பிடித்து இரண்டு முடிச்சாகப் போட்டான். தாவ் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். அவளை யாரும் விலக்கவில்லை.

லத்தனா டம்ளரை ஒரு தட்டால் மூடி எடுத்தாள்.

புவாசி மூக்கைத் துடைத்தாள். "அதை எந்த மேசைல வைப்பே?"

"இடது மேசைலம்மா."

"அந்த மேல் ஊர்ப் பொண்ணுன்னு அப்பவே ஏதோ சொன்னியே. யாரு?"

"சோம்பெங்."

"எங்க சித்தப்பா பேத்தி. அவங்க வீட்டு உரல்லதான் நான் நண்டு இடிக்கவே கத்துக்கிட்டேன்." புவாசி எழுந்து இடுப்புத் துணியை உதறிச் சொருகினாள். "ஏழரைக்குத்தானே வேன்? விடியக் கருக்கல்ல கிளம்பினா அவ கண்ணு முழிக்கிறதுக்குள்ள போயிடலாம். மாப்ள வண்டி ஓட்டட்டும். அந்த மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கிட்டு வர முடியுமா உன்னால?"

"முடியும். ஆனா சளிக் கப்பு தீர்ந்துபோச்சும்மா. மஞ்சள் மூடிதான் இருக்கு."

"மூடி எந்தக் கலரா இருந்தா என்ன?"

"எத்தனை எடுத்துக்கட்டும்?"

மேல் ஊரில் எத்தனை வீட்டு உரலில் நண்டு இடிபடுகிறது என்று புவாசிக்குத் தெரியும்.

"இருக்கிறதை எல்லாம் எடுத்துக்க" என்றாள்.